கல்லை உடைத்துச் செய்த கத்தி

போடிமெட்டுச் சரிவில் ஒரு மனிதர் கல்லை உடைத்துக் கத்தி செய்துகொண்டிருந்தபோது, அவருடைய சொந்தக் கத்தி என் பைக்குள் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை அவரிடமிருந்து திருடியவனும் நான்தான். அதனால் அவருடைய வலது கை போயிற்று.

இதை எழுதி முடித்தால் நெஞ்சு லேசாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான். சம்பந்தப்பட்டவர்கள் ஒருவரும் இப்போது இல்லை.

ஐம்பதுகளில் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். சொந்த ஊர் சிலமலை. மதுரையில் இண்டர்மீடியட் படித்தவன் என்பதால் ஆள் பேர் எழுதுவது, காய் நிறுப்பது, ஸ்டோர் சாவி வைத்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. அந்த மனிதர் தோட்டத்தில் நிழல் கழிப்பவர். ஏலச்செடிக்கு வெயிலும் ஆகாது, இருட்டும் ஆகாது. மேலே நிற்கும் மரங்களில் ஏறி, செடிக்கு வேண்டிய அளவு வெளிச்சம் விழும்படி கொப்புகளைக் கழித்துவிட வேண்டும். வழுக்குப் பாசி பிடித்த மரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டுகிற வேலை. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். அதிகம் பேசமாட்டார். மாதத்தில் ஒருநாள் கொஞ்சம் குடிப்பார். கீழே மதுவிலக்கு இருந்த காலம். மெட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டம் இருந்த மலையாளச் சீமையில், சாராயக் கடை இருந்தது.

அவரிடம் ஒரு வெட்டுக்கத்தி இருந்தது. கல்யாணத்தின்போது மாமனார் கொடுத்தது. லாரி வில்லுப்பட்டையைக் காய்ச்சி அடித்தது. கைப்பிடி கடமான் கொம்பு. தோட்டத்துக் கத்திகள் மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கும். அது பிடிக்காது. மரத்திலிருந்து இறங்கியதும் அதை வேட்டி முனையால் துடைத்து, வெயிலில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இடுப்பில் செருகுவார்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கீழே இறங்குகிறவர்கள் கத்தியை ஸ்டோரில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மலையில் மரம் சர்க்காருடையது. நிலம் மட்டுமே குத்தகை. கத்தியோடு இறங்குகிறவன் வழியில் ஒரு கம்பை வெட்டினாலும் பழி தோட்டத்தின் மேல் வரும் என்று முதலாளி அப்படி வைத்திருந்தார். சுவரில் வரிசையாக ஆணிகள் அடித்திருந்தோம். போகும்போது மாட்டிவிட்டுப் போவார்கள், வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். இடையில் சாவி என் இடுப்பில்.

அந்தக் கத்தி எனக்கு எதற்கு? என் அண்ணன் சிலமலையில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், "வாங்க கணக்கப்புள்ளை, பேனாவுல களை எடுப்பீங்களா?" என்பான். அவன் கையில் அப்படி ஒரு கத்தியைக் கொடுத்து, கொச்சியிலிருந்து வரவழைத்தேன் என்று சொல்ல வேண்டும் என்று ஆசை. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் சொல்வதற்காவது நன்றாக இருக்கும்.

ஆவணியில் அவர் ஒரு கல்யாணத்துக்காக இறங்கிப் போய்விட்டு வந்து கத்தியைக் கேட்டார். அதற்குள் அது என் கட்டிலுக்கடியில் இருந்தது.

"ஆணியில இல்லையே. நீங்க இங்கதான் வச்சீங்களா? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

"இங்கதான் மாட்டுனேன் கணக்கய்யா."

"போற வழியில கடைக்குப் போனீங்களாமே. அங்க எங்கயாச்சும் விட்டுட்டீங்களா?"

அவர் யோசித்தார். கடைக்குப் போனது உண்மை. அதனால் அவருக்கே சந்தேகம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை, பிழைத்தோம் என்றுதான் இருந்தது. சில நாட்களில், அவர் கத்தியைச் சாராயக் கடையில் விற்றுவிட்டார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. முதலில் நம்பியவர் அவருடைய மனைவி.

*

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. தீபாவளிக்காகப் பெரும்பாலோர் முன்னமே இறங்கிவிட்டார்கள். உலர்த்திய காயை மூட்டை கட்டி முடிக்கிற வரைக்கும் நானும், அவரும், அவர் மனைவியும், மனைவியின் தம்பியும் தங்க வேண்டியதாயிற்று. தம்பிக்காரன் என் வயதுக்காரன். வாய் ஓயாது.

கிளம்பும் காலையில் அவரும் தம்பிக்காரனும் தோட்டத்துக் கத்திகளை ஆணியில் மாட்டினார்கள்.

"மச்சான், ஒங்க மாமனாரு குடுத்ததும் இங்கதானே தொங்கணும்? இப்ப எந்த ஊரு ஆணியில தொங்குதோ!" என்றான் தம்பிக்காரன்.

"கடைக்காரன் வீட்டு ஆணியில" என்றார் அவர் மனைவியான அந்த அம்மா, மழைக்குத் தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டே.

"நான் ஸ்டோர்லதான் வச்சேன்."

"ஆமா. கத்திக்குக் காலு மொளச்சிருச்சு. எறங்கிக் கடைக்கு நடந்துருச்சு."

தம்பிக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன். கத்தி வேட்டிக்குள் சுற்றி என் காக்கித் துணிப்பையின் அடியில் இருந்தது. தீபாவளிக்கு அண்ணனிடம் கொடுப்பதற்காக எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

போடிமெட்டில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஒரு மலையாளத்து டிரைவர் கையை விரித்தார். "ரோடு இல்லா கேட்டோ. மண்ணு இடிஞ்சு. நாளைக்கும் வண்டி போகில்லா."

"குறுக்குப் பாதை இருக்குல்ல? மத்தியானம் முந்தல்ல காபி குடிக்கலாம், வாங்க" என்றான் தம்பிக்காரன். மலையடிவாரத்து முந்தலுக்கு இறங்கும் அந்தப் பாதையில் எல்லோரும் பலமுறை நடந்தவர்கள். அதனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாதி இறங்கும் முன்பே ஒரு ஓடையைத் தாண்டினோம், முழங்கால் தண்ணீர். அடுத்த ஓடைக்கு முன்னால் பாதையே இல்லை. மேலிருந்து மண்ணும் ஒரு மூங்கில் புதரும் வேரோடு சரிந்து வந்து கிடந்தன. அதன் மேல் ஏறிக் கடக்கும்போது அந்த அம்மா காலை வைத்த இடம் நகர்ந்தது. சத்தமே போடவில்லை. கீழே ஒரு கல்லில் மோதி நின்றபோதுதான் "ஆத்தா" என்று ஒரு முனகல் வந்தது. முழங்காலுக்குக் கீழே இடதுகால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

முன்னால் ஓடை செம்மண் நிறத்தில் இரைந்து போய்க்கொண்டிருந்தது. தம்பிக்காரன் திரும்பி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நாங்கள் தாண்டி வந்த ஓடையும் இடுப்புக்கு மேலே ஏறிவிட்டதாம். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டோம்.

ஓரமாக ஒரு பாறை கவிந்து நின்றது. அதனடியில் அந்த அம்மாவைத் தூக்கிக் கிடத்தினோம். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். எலும்பு சதையைக் கிழிக்காமல் இருக்க வேண்டும், காலை அசையாமல் கட்ட வேண்டும், ஓடை வடிந்ததும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். செய்ய வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. மூங்கில் கண்முன்னால் கிடந்தது. கொடி கிடந்தது. காட்டுவாழை கூட்டமாக நின்றது. வெட்டத்தான் ஒன்றுமில்லை.

"ஒரு கத்தி இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்று தம்பிக்காரன் மூங்கிலை உதைத்தான். "வித்துக் குடிச்சாச்சு. இப்ப பல்லால கடிங்க மச்சான்."

"ஏலே, அவர இப்ப ஏண்டா?" என்றார் அந்த அம்மா, கண்ணை மூடிக்கொண்டே. தம்பியை அதட்டினாரே தவிர, அவன் சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. அவர் கணவர் அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன்.

அந்த நேரத்தில் பையைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருடன் என்று தெரிந்திருக்கும். தம்பிக்காரன் கீழே போய் ஊரெல்லாம் சொல்லியிருப்பான். வேலை போயிருக்கும். ஒரு நிமிடம் தயங்கினேன். அந்த ஒரு நிமிடத்தில் என் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"கத்தி எதுக்கு? வெங்கச்சங்கல்லை உடைச்சா வாய் வரும். ஆதிகாலத்து மனுசன் அதுலதான் எல்லாம் வெட்டினான்."

பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன். சரிந்த மண்ணில் அந்த வெள்ளைக் கற்கள் நிறையக் கிடந்தன. பெரிய பாறையில் ஒன்றை ஓங்கிப் போட்டேன். சில்லுகள் தெறித்தன. கண்ணாடி மாதிரி விளிம்புள்ள ஒரு துண்டை எடுத்து, பிடிக்கும் பக்கத்தில் வாழைச்சருகைச் சுற்றி அவரிடம் நீட்டினேன். "அட, கணக்கய்யா படிச்ச படிப்பு வீணாப் போகல" என்றான் தம்பிக்காரன். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வேலை நடந்தது. மூங்கிலைக் கணுவுக்குப் பக்கத்தில் கல்லால் சுற்றிவரக் கீறிப் பாறை விளிம்பில் வைத்து மிதித்தால் பிசிறு பிசிறாக முறிந்தது. கல்லின் வாய் சீக்கிரம் மழுங்கும், இன்னொன்று உடைக்க வேண்டும். முறிந்த துண்டை ஒரு கல்லை ஆப்பாக வைத்து அடித்துப் பிளந்தார்கள். காட்டுவாழைக்குக் கல்லே வேண்டாம். மட்டையைக் கையால் உரித்து, நாரைக் கிழித்துத் திரித்தோம். உள்மட்டை ஒன்றை ஓடம் போல விரித்து அதில் காலைக் கிடத்தி, வெளியே மூங்கில் பத்தைகளை வைத்து நாரால் கட்டினோம். காலை நேராக்கி இழுத்தவர் அவர்தான். அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது.

"இந்தாங்க, சாமி, விட்டுருங்க."

"முடிஞ்சிருச்சு. அம்புட்டுத்தான். முடிஞ்சிருச்சு" என்றார் அவர். முடிந்திருக்கவில்லை.

பிறகு வாழை இலைகளைப் பாறை விளிம்பிலிருந்து சாய்த்து, மேலே கல் வைத்து மறைப்பு செய்தோம். கீழே இலை பரப்பினோம். உடம்பில் ஏறிய அட்டைகளைத் தம்பிக்காரனின் புகையிலைச் சாற்றால் விழ வைத்தோம். தீப்பெட்டி நனைந்து கூழாகியிருந்தது. பாறை இடுக்கில் காய்ந்த சருகும் எலி சேர்த்து வைத்த பஞ்சும் கொஞ்சம் கிடைத்தன.

"இரும்பு ஒண்ணு இருந்தா இந்தக் கல்லுலயே தட்டி நெருப்பு எடுத்துரலாம்" என்றார் அவர், பஞ்சை நனையாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டே. "எம் மாமனாரு கத்தி முதுகுல தட்டுனா பொறி கொட்டும். அடுப்பு பத்தவச்சிருக்கேன்."

நான் ஸ்டோர் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் தட்டினார். சாவி தேய்ந்ததே தவிரப் பொறி விழவில்லை.

"விடுங்க மச்சான். சாவி மழுங்கிப்போனா அப்புறம் கணக்கய்யா ஸ்டோரத் தொறக்க ஒங்க தலையத்தான் முட்டணும்."

அவர் சாவியைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். சட்டையைக் கழற்றி மனைவி மேல் போர்த்திவிட்டு, வெற்றுடம்போடு உட்கார்ந்துகொண்டார்.

இருட்டும் நேரத்தில் ஒதுங்கப் போவதாகச் சொல்லிப் பையோடு எழுந்தேன். பையை ஏன் எடுத்துப் போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. ஓடைக்கரையில் நின்று கத்தியை வெளியே எடுத்தேன். எறிந்துவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். எறிந்தால் ஒரு சாட்சியும் இருக்காது. கையில் எடுத்ததும் அதன் கனம் தெரிந்தது. எறிய மனம் வரவில்லை. காரணம் மனசாட்சி இல்லை. அப்போதும் எனக்கு அந்தக் கத்தி வேண்டியிருந்தது. மறுபடி வேட்டிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

*

விடிந்தபோது மழை நின்றிருந்தது. முன்னால் இருந்த ஓடை தொடை அளவுக்கு வடிந்திருந்தது. மேலே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. கால் மட்டைக்குள் வீங்கிவிட்டது.

"வெரசாத் தூக்கணும்" என்றார் அவர். "திரும்பத் தண்ணி வந்தா இவ தாங்கமாட்டா."

அந்த அம்மாவைக் கிடத்தித் தூக்க ஒரு படுக்கை கட்ட வேண்டும். இரண்டு நீள மூங்கிலை, வேரிலிருந்து ஏற்கெனவே பிய்ந்து கிடந்தவற்றை, இழுத்து வந்தோம். கொங்காணிச் சாக்குகளின் மூலைகளில் கல்லால் ஓட்டை கிழித்து மூங்கிலில் கோத்தோம். இரண்டு மூங்கிலும் ஒன்றோடொன்று நெருங்கிக்கொள்ளாமல் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குறுக்குச் சட்டம் வைக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கனத்த துண்டைப் பிளக்க வேண்டும். தம்பிக்காரன் மேலே பிடித்துக்கொள்ள, அவர் ஆப்புக் கல்லை இறக்கினார். பாதி பிளந்து நின்றது. கல் நழுவி விழுந்தது. அவசரத்தில் அவர் பிளவுக்குள் வலது கையைக் கொடுத்து இழுத்தார்.

பச்சை மூங்கில் மூடிக்கொண்டது. அதன் விளிம்பு எப்படிப்பட்டது என்று பிளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் கையை உருவியபோது நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றுக்கும் அடியில் குறுக்காக வாய் பிளந்திருந்தது. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு ரத்தம்.

"மச்சான்!" தம்பிக்காரனின் குரல் அப்போதுதான் முதல்தடவையாக மாறியது.

"ஒண்ணுமில்ல மாப்ளே. கட்டு. நாரு கொண்டா."

"விரல மடக்குங்க பாப்போம்."

அவர் மடக்கப் பார்த்தார். விரல்கள் வரவில்லை. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறொருவர் கை மாதிரி. மனைவி தலையைத் தூக்கி, "என்னாச்சுங்க?" என்று கேட்டார். "கீறிருச்சு" என்றார்.

கத்தியால் என்றால் அந்தத் துண்டு இரண்டு வெட்டு. அப்போதும் பை என் தோளில்தான் தொங்கியது. முதல் நாளே எடுத்திருந்தால் திருடன் என்பதோடு போயிருக்கும். இனி எடுத்தால் நான் யார் என்பதற்கு எனக்கே பெயர் தெரியவில்லை. பையின் வாரை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டேன்.

அவர் பின்னால் தூக்கினார். பிடிக்க முடியாத கைக்காக வாழைநார்க் கயிற்றைத் தோளில் மாட்டி மூங்கிலோடு கட்டிக்கொண்டார். தம்பிக்காரன் முன்னால். நான் ஓடையில் பக்கவாட்டில் நின்று தாங்கினேன். இறங்கி முடிக்கும்வரை தம்பிக்காரன் ஒரு கேலியும் பேசவில்லை. முந்தலில் ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. போடி ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவின் காலைப் பார்த்த டாக்டர், "கட்டினது யாரு? நல்லாக் கட்டியிருக்கீங்க" என்றார். பிறகு கணவரின் கையைத் திருப்பிப் பார்த்தார். காயம் ஆறும் என்று மட்டும் சொன்னார்.

தீபாவளிக்கு வீட்டில் அண்ணன், "என்ன கணக்கப்புள்ளை, மலையிலிருந்து என்ன கொண்டாந்தீங்க?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். பையை நான் திறக்கவேயில்லை.

*

அந்த அம்மாவின் கால் பொங்கலுக்குள் கூடிவிட்டது. லேசான விந்தலோடு நடந்தார். கணவருடைய மூன்று விரல்களும் நீட்டியபடியே நின்றுவிட்டன. நிழல் கழிக்க இனி ஏற முடியாது. முதலாளி அவரை அனுப்பிவிட நினைத்தார். நான் பேசி, காய் உலர்த்தும் ஸ்டோரில் தீ போடுகிற வேலையை வாங்கிக் கொடுத்தேன். இடதுகையால் விறகு தள்ளினால் போதும். தோட்டத்தில் எல்லோரும், கணக்கய்யாவுக்கு நல்ல மனசு என்றார்கள். அவரும் ஒருநாள் வந்து கும்பிட்டார். வலது கை சரியாகக் குவியவில்லை.

அதைப் பார்த்த பிறகும் உடனே போய்ச் சொல்லவில்லை. அதற்கும் சில மாதங்கள் கழித்துத்தான் தைரியம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தியை எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். இருவரும் இருந்தார்கள். கத்தியைத் தரையில் வைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மலையில் அது என் பையில் இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் கத்தியைத் தொடவில்லை. அந்த அம்மாதான் பேசினார்.

"அப்ப அவரு விக்கல."

"இல்லம்மா."

"இத்தன மாசமா நான் பேசாத பேச்சு இல்ல. சோத்தப் போடுறப்பகூடச் சொல்லிக்காட்டியிருக்கேன். அதையெல்லாம் நான் எங்க கொண்டுபோயிக் கொட்டுறது? நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க."

சொல்லிவிட்டு அந்த அம்மா எழுந்தார். புறவாசல் பக்கம் போய்விட்டார். அந்த மனிதர் கத்தியைப் பார்த்தபடியே, "எம் மாமனாரு ஊருக்கு வந்து இதச் சொல்லணும். எங்கிட்டச் சொல்லி என்ன? எனக்குத்தான் நான் விக்கலன்னு தெரியுமே" என்றார். பிறகு மெதுவாக, "நெசமாத் தெரியாது. எனக்கே சந்தேகம் வந்திருச்சு. அதான்" என்றார்.

அவர் மாமனாரின் ஊர் சிலமலைக்குத் தெற்கே. அடுத்த வாரம் மூன்று பேரும் போனோம். வீட்டு முன்னால் கட்டிலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். மோர் கொடுத்தார்கள். பங்காளிகள் நாலைந்து பேர் கூடினார்கள். தம்பிக்காரனும் இருந்தான். நான் எழுந்து நின்று, கத்தியை மாமனாரான பெரியவர் முன்னால் வைத்து, லயத்தில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

பெரியவர் கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பு, உக்காருங்க. நீங்க யாரு வீட்டுப் புள்ளைன்னு எனக்குத் தெரியும். எம் மருமகன் மானத்துக்காகக் கடையிலருந்து மீட்டுக் கொண்டாந்திருக்கீங்க. அதச் சொன்னா அவனுக்குக் கேவலம்னு பழிய ஒங்க தலையில ஏத்திக்கிறீங்க. ஒங்க மனசு யாருக்கு வரும்?"

"இல்லங்க. நான்தான் எடுத்தேன்."

"அன்னைக்கு மலையில ஒங்க பையிலயா இருந்துச்சு?" என்றான் தம்பிக்காரன். "நான் கல்லு உடைக்க, அக்கா நடுங்க, மச்சான் கையி போக, நீங்க பையில வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டா இருந்தீங்க? கதையா இருந்தாலும் நம்புற மாதிரிச் சொல்லுங்க கணக்கய்யா. மனுசனாப் பொறந்தவன் இருப்பானா அப்பிடி?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா வாசலில் நின்று, "நெசந்தாண்டா. அவர்தான் எடுத்தாரு. எங்க ரெண்டு பேருகிட்டயும் சொன்னாரு" என்றார்.

"ஆமாக்கா. நீ சொல்லாம யாரு சொல்லுவா? புருசன விட்டுக்குடுப்பியா?"

நான் மறுபடி சொன்னேன். சத்தியம் செய்தேன். செய்யச் செய்ய அவர்கள் முகத்தில் என் மேல் மரியாதை கூடியது. மருமகன் மேல் குறைந்தது. தான் விற்ற கத்திக்காகப் படித்த பிள்ளையை இப்படி நிற்க வைத்துவிட்டானே என்று ஒரு பங்காளி வெளிப்படையாகவே சொன்னார். பெரியவர் கத்தியை மருமகனிடம் கொடுக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் போடி பஸ் நிறுத்தத்தில் அந்த மனிதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கணக்கய்யா, இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"முதலாளிகிட்டச் சொல்றேன். தோட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்றேன். நம்புற வரைக்கும் சொல்றேன்."

"வேணாம். நீங்க சொல்லச் சொல்ல நான்தான் குடிகாரனாவுறேன்."

முதலாளியிடம் மட்டும் அவருக்குத் தெரியாமல் சொல்லிப் பார்த்தேன். முதலாளி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "நல்லதுதான். ஆனா இப்படி ஆளுங்களுக்கு ரொம்ப இடம் கொடுக்காதே" என்றார். மறு வருஷம் என்னை மேஸ்திரிகளுக்கு மேல் உயர்த்தினார்.

நான் வேலையை விட்டு இறங்கி, மதுரையில் வேறு வேலை தேடிக்கொண்டேன். அதைப் பிராயச்சித்தம் என்று சொல்லமாட்டேன். அவர் தீ போடுகிற ஸ்டோரைத் தினமும் கடந்து போக என்னால் முடியவில்லை, அதனால் போனேன். அந்த அம்மாவை மட்டும் பல வருஷம் கழித்துப் போடிச் சந்தையில் ஒருமுறை பார்த்தேன். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். கடைசிவரை வீட்டில் கத்திப் பேச்சை யாரும் எடுக்கவில்லை என்றார். "நான் எடுக்கல. அவரும் எடுக்கல. எந்தம்பி மட்டும் குடிச்சா எடுப்பான்."

நான் என்ன வாங்கிக் கொடுக்கட்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது, கூடையைத் தலையில் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். விந்தி விந்தி நடந்து பஸ் பக்கம் போனார்.